கிராங்க் எங்கே நிற்கிறது? 200 சிசி இன்ஜினுக்கு ஸ்பீடுயினோ மாட்டிய கதை

முதலில் எரிந்தது பெட்ரோல் இல்லை, ஸ்பார்க்குக்கு மின்சாரம் சேர்த்துக் கொடுக்கும் காயில். சாவியைத் திருப்பி வைத்துவிட்டு, இன்ஜினை ஆட்டுவிக்கும் கம்ப்யூட்டரான ஸ்பீடுயினோவை லேப்டாப்பில் நோண்டிக்கொண்டிருந்தேன், ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, பிளாஸ்டிக் வேகிற வாடை வந்தது. தொட்டுப் பார்த்தால் கை வைக்க முடியவில்லை, அடிப்பக்கத்திலிருந்து கறுப்பு மெழுகு மாதிரி ஒன்று வழிகிறது. சாஃப்ட்வேரில் ஒரே ஒரு இடம்தான் தப்பு: ஸ்பார்க் சிக்னல் மேலே ஏறும்போதா கீழே இறங்கும்போதா என்று கேட்கும் இடத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டேன். அப்படிக் கொடுத்தால் இன்ஜின் சும்மா நிற்கும் நேரமெல்லாம் காயில் சார்ஜ் ஆகிக்கொண்டே இருக்கும். 3 மில்லி செகண்ட் மட்டும் கரண்ட் பார்க்க வேண்டிய பொருள், கிட்டத்தட்ட ஒரு நிமிஷம் பார்த்தது. 15 ஆம்பியர் ஃப்யூஸ் இருந்தது, ஆனால் காயிலுக்குள்ளேயே சுவிட்ச் மாதிரி இருக்கும் இக்னைட்டர் கரண்ட்டை ஒரு அளவுக்கு மேல் விடாமல் பிடித்து வைத்துக்கொண்டதால் ஃப்யூஸ் பிழைத்தது, காயில் போனது. அன்றிலிருந்து புதிதாக ஏதாவது செட்டிங் மாற்றினால் காயில் ஃப்யூஸைப் பிடுங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டுதான் சாவியைத் தொடுவது.

சரி, முதலிலிருந்து வருகிறேன். கோயம்புத்தூரில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவரின் பட்டறையில், மூலையில் சி-சேனலில் வெல்டிங் செய்த ஸ்டாண்ட் மேல் ஒரு பழைய 200 சிசி பைக் இன்ஜின் நிற்கிறது. ஒற்றை சிலிண்டர், காற்றிலேயே குளிர்வது, கார்ப்பரேட்டர் வைத்தது. எனக்கு வேண்டியது, வேறு வேறு எரிபொருளைப் போட்டு, ஸ்பார்க் நேரத்தை என் இஷ்டத்துக்கு முன்னே பின்னே தள்ளி, என்ன ஆகிறது என்று பார்க்க ஓர் இன்ஜின். கார்ப்பரேட்டரில் ஜெட் மாற்றி மாற்றி இதைச் செய்யலாம், செய்தும் பார்த்தேன், ஒரு நாளைக்கு நாலு ஜெட்டுக்கு மேல் பொறுமை இல்லை. பெரிய ஆராய்ச்சிக்கூடங்களில் இதற்கென்றே வரும் கன்ட்ரோலர்களின் விலையைக் கேட்டால் பட்டறையையே விற்க வேண்டியிருக்கும். அதனால் ஸ்பீடுயினோ. ஆஸ்திரேலியாக்காரர் ஜோஷ் ஸ்டீவர்ட் ஆரம்பித்த திறமூல இசியூ, அதாவது இன்ஜின் கன்ட்ரோல் கம்ப்யூட்டர் அது. மூளை நமக்குத் தெரிந்த ஆர்டுயினோ மெகாதான், 16 மெகாஹெர்ட்ஸ், 8 கேபி ரேம். இவ்வளவு சின்ன மூளை போதுமா என்று கேட்காதவர் இல்லை. 8000 ஆர்பிஎம்மில், பிஸ்டன் சுற்றிவிடும் தண்டான கிராங்க் ஒரு பாகை திரும்ப 20.8 மைக்ரோ செகண்ட் ஆகிறது, ஸ்பீடுயினோவின் டைமர் 4 மைக்ரோ செகண்டுக்கு ஒரு முறை டிக் அடிக்கிறது. போதும். ஸ்பார்க்கையும் பெட்ரோலையும் ஒரே டப்பாவுக்குள் சேர்த்த போஷ் மோட்ரானிக் 1979ல் பிஎம்டபிள்யூ 732ஐ காரில் வந்தபோது இதைவிடப் பெரிய மூளை ஒன்றும் இல்லை.

சாமான்களுக்கு, பழைய உதிரிபாகக் கடைகள் இருக்கும் உக்கடம் போனேன். 2020 ஏப்ரல் 1லிருந்து பிஎஸ்6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்து பெரும்பாலான பைக்குகளுக்கு இன்ஜெக்‌ஷன் வந்தது பலருக்கு வயிற்றெரிச்சல், என்னைப் போன்றவனுக்குப் புதையல். விபத்தில் அடிபட்டு வந்த வண்டிகளிலிருந்து கழற்றிய, காற்றைத் திறந்து மூடும் த்ராட்டில் பாடி, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர், டேங்க்குக்குள் உட்காரும் 3 பார் பம்ப், மூன்றும் சேர்த்து 3,200 ரூபாய்க்கு வந்தது. இன்ஜெக்டருக்கு எந்த விவரமும் கிடையாது. மல்டிமீட்டரில் 12 ஓம் காட்டியது, அதனால் ரெசிஸ்டர் எதுவும் இல்லாமல் நேராக ஓட்டலாம். எவ்வளவு ஊற்றும் என்று தெரிய, பட்டறைக்கு வெளியே வேப்பமரத்தடியில் தீயணைப்பான் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, 3 பார் அழுத்தத்தில் 30 செகண்ட் திறந்து மெஷரிங் சிலிண்டரில் பிடித்தேன்: 74 மில்லி. நிமிஷத்துக்கு 148 சிசி. மூன்று முறை பிடித்தும் ஒரு மில்லிகூட மாறவில்லை.

இதற்குப் பிறகு கணக்கு சுலபம். 200 சிசி முழுக்க நம்மூர்க் காற்றை நிரப்பினால் சுமார் 0.22 கிராம். நம்மூர்க் காற்று என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கோவை கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே, வெயிலும் சேர்ந்தால் காற்று லேசு. இன்ஜின் ஓடாமல் இருக்கும்போது, உறிஞ்சும் குழாயின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் 96 கிலோ பாஸ்கல் என்று காட்ட, கடல் மட்டத்து 101 வரவில்லையே, சென்சார் டூப்ளிகேட் போல என்று நானே ஒரு அரை நாள் சந்தேகப்பட்டிருக்கிறேன். இந்தக் காற்றுக்கு, பங்க்கில் இப்போது வரும், 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் ஏறக்குறைய 16 மில்லிகிராம் வேண்டும், அதை ஊற்ற என் இன்ஜெக்டர் 9 மில்லி செகண்ட் திறக்க வேண்டும். 8000 ஆர்பிஎம்மில் ஒரு முழுச் சுழற்சிக்கு 15 மில்லி செகண்ட் இருக்கிறது. இடம் இருக்கிறது, இன்ஜெக்டர் சரி.

இதெல்லாம் முடிக்க ஒரு வாரம். இன்ஜினை ஸ்டார்ட் பண்ண ஏழு வாரம்.

ஏனென்றால் எவ்வளவு பெட்ரோல் என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, இந்த நொடி கிராங்க் எங்கே நிற்கிறது. அது தெரியாத இசியூ கண்ணைக் கட்டிக்கொண்டு பட்டாசு கொளுத்துகிற ஆள் மாதிரி. கிராங்க்கோடு சேர்ந்து சுற்றும் ஒரு பல் சக்கரம், அதற்கு எதிரே ஒரு சென்சார், ஒரு பல்லை மட்டும் வெட்டி விட்டால் அந்த ஓட்டை தாண்டும்போதெல்லாம் ஒரு சுற்று முடிந்தது என்று அர்த்தம். வெட்டிய பல்லை எப்படிக் கண்டுபிடிக்கிறது? முந்தைய பல் வர எடுத்த நேரத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் ஆனால் அது ஓட்டை. அவ்வளவுதான் விதி. நாலு சிலிண்டர் கார் இன்ஜினில் அழகாக வேலை செய்யும் விதி.

பைக்கில் ஏற்கெனவே இருந்த பல்சர் காயில் சுற்றுக்கு ஒரு பல்ஸ்தான் தரும், உதவாது. மேக்னெட் கவரின் நடுவில் கிராங்க் திருப்ப ஒரு சின்ன மூடி இருக்குமே, அதைக் கழற்றிவிட்டு, கிராங்க் நட்டின் மேல் ஒரு ஷாஃப்ட் நீட்டி, ஆயில் சீல் போட்டு, சக்கரத்தை வெளியே கொண்டு வந்தோம். லேத்தில் அந்த ஷாஃப்ட் பிடித்துக் கொடுத்தவர் முகத்தில் இது எதுக்கு என்ற கேள்வி கடைசி வரை போகவில்லை. முதல் சக்கரத்துக்கு 12 இடம், ஒரு பல் வெட்டி 11. குறைவான பல், வெட்டுவது சுலபம் என்ற சோம்பல்தான். அந்த ஓட்டையைப் பிஸ்டன் உச்சிக்கு வந்தவுடன், அதாவது டிடிசி என்று சொல்லும் அந்த உச்சிப் புள்ளியை ஒட்டி வைத்தேன். பார்க்க அழகாக இருக்கட்டுமே என்று. இந்த இரண்டும்தான் ஏழு வாரத்தைத் தின்றன.

டிடிசி கண்டுபிடித்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன், அது அண்ணன் சொல்லிக் கொடுத்தது. பழைய ஸ்பார்க் பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்து எடுத்துவிட்டு, கூட்டுக்குள் மரை போட்டு ஒரு நீளப் போல்ட்டை இறக்கி, அதைப் பிளக் ஓட்டையில் மாட்டினார். போல்ட் முனையை முன்பே தேய்த்து உருட்டியாக்கி வைத்திருந்தார், பிஸ்டனில் கீறல் விழக்கூடாதாம். கிராங்க்கைக் கையால் மெதுவாகத் திருப்பினால் பிஸ்டன் ஏறி வந்து போல்ட்டில் முட்டி நிற்கும். பாகை வட்டத்தில் ஒரு கோடு. எதிர்ப்பக்கமாகத் திருப்பினால் மறுபடி முட்டும், அங்கே ஒரு கோடு. இரண்டுக்கும் சரிபாதிதான் டிடிசி. ஸ்க்ரூ டிரைவரை உள்ளே விட்டு ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்தால் உச்சியில் பல பாகைக்கு அது அசையவே அசையாது, எதை டிடிசி என்று சொல்வது? இரண்டு கோடு முறையில் அரைப் பாகைக்குள் வந்துவிடலாம்.

அப்புறம் செல்ஃப் அடித்தோம். சுற்றியது, ஒரு தும்மல், நின்றது. மறுபடி சுற்றியது, பின்னாலே ஒரு வெடி. ஸ்கிரீனில், சக்கரம் எங்கே இருக்கிறது என்று இசியூவுக்குப் பிடிபடுவதான சிங்க் போச்சு, சிங்க் வந்தது, சிங்க் போச்சு என்று கணக்கு ஏறிக்கொண்டே இருந்தது. வயரை மாற்றினேன், சென்சாரை மாற்றினேன், பல்லைப் பார்க்கும் ஹால் சென்சாரின் இடைவெளியை 1.5 மில்லிமீட்டரிலிருந்து 1க்குக் கொண்டு வந்தேன், ஷீல்டு வயர் போட்டேன். எல்லாமே நல்ல காரியங்கள், எதுவும் பலன் தரவில்லை. நாலாவது வாரம் பேட்டரி இறங்கிப்போய், அண்ணன் பொறுமை இழந்து கிக்கரை மிதித்தார். கிக்கர் திருப்பி அடித்தது. முழங்காலுக்குக் கீழே சரியான அடி. தப்பான இடத்தில் ஸ்பார்க் வந்து, ஏறிக்கொண்டிருந்த பிஸ்டனை வந்த வழியே திருப்பி அனுப்பியிருக்கிறது.

"தம்பி, காபரேட்டரையே வெச்சிருந்தா இந்நேரம் வால்பாறை போயிட்டு வந்திருக்கலாமுங்க" என்றார், காலைத் தேய்த்துக்கொண்டே. கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, அந்த 'ங்க'தான் குத்தியது.

அன்றைக்கு ராத்திரிதான் உருப்படியாக ஒரு வேலை செய்தேன். பிளக்கைக் கழற்றாமல், காயில் ஃப்யூஸையும் பம்ப் ரிலேயையும் மட்டும் பிடுங்கிவிட்டு, சும்மா செல்ஃப் அடித்து ஒவ்வொரு பல்லுக்கும் எடுத்த நேரத்தைப் பதிவு செய்தேன். கம்ப்ரெஷன் வரும் சுற்றில் மில்லி செகண்டில் இப்படி வந்தது: 11, 12, 14, 22, 19, 8, 9. பார்த்தவுடன் சிரிப்பு வந்துவிட்டது. பிஸ்டன் காற்றை அமுக்கிக்கொண்டு உச்சிக்கு ஏறத் திணறும்போது கிராங்க் கிட்டத்தட்ட நின்றே போகிறது, 14லிருந்து 22. ஒன்றரை மடங்குக்கு மேல். இசியூ என்ன செய்யும், ஓட்டை வந்துவிட்டது என்று எண்ணிக்கொள்ளும். அடுத்து வருவதுதான் உண்மையான ஓட்டை, அது இரண்டு மடங்கு ஆக வேண்டும். ஆனால் உச்சி தாண்டியதும் அமுங்கிய காற்று ஸ்பிரிங் மாதிரி பிஸ்டனை உதைத்துத் தள்ளுவதால், இரட்டிப்புத் தூரத்தை 19 மில்லி செகண்டிலேயே கடந்துவிட்டது. 22க்குப் பிறகு 19 வந்தால் அது ஓட்டையாகவே தெரியாது. பொய்யான ஓட்டையை நம்புகிறது, நிஜமான ஓட்டையைத் தவறவிடுகிறது. சென்சார், வயர், ஆர்டுயினோ எதன் மேலும் குற்றமில்லை. ஒற்றை சிலிண்டர் இன்ஜின் செல்ஃபில் சுற்றும்போது ஒரே சீராகச் சுற்றாது என்பது பைக் மிதித்த எந்தக் காலுக்கும் தெரியும், எனக்குத்தான் கணக்கில் உறைக்கவில்லை.

புதுச் சக்கரம் 36 இடம், ஒரு பல் வெட்டி 35. 3 மில்லிமீட்டர் தகட்டில் லேசர் கட்டிங், 130 மில்லிமீட்டர் விட்டம். பல் கிட்டக் கிட்ட இருப்பதால் வேகம் குறைந்தாலும் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவே பெரிய தாவல் இருக்காது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூடும். ஓட்டையை டிடிசிக்கு 120 பாகை தள்ளி வைத்தேன், அங்கே திணறலும் இல்லை உதையும் இல்லை. கூடவே பேட்டரியைப் பெரிதாக்கினேன், செல்ஃப் வலுவாகச் சுற்றினால் பாதிப் பிரச்சினை தானே குறைகிறது. ஸ்பார்க்கை 10 பாகையில் பூட்டி வைத்து டைமிங் லைட் அடித்துப் பார்த்து, கோடு கோட்டில் உட்காரும் வரை, ஓட்டைக்கும் டிடிசிக்கும் நடுவே எத்தனை பாகை என்று சொல்லும் ஆஃப்செட்டைத் திருத்தினேன். மறுநாள் சாயங்காலம் மூன்றாவது செல்ஃபில் பிடித்துக்கொண்டது. சத்தத்தில் பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

ஓட ஆரம்பித்த பிறகு வந்த தொல்லைகள் வேறு மாதிரி. 4000 ஆர்பிஎம் தாண்டினால் லேப்டாப் தொடர்பு அறுந்துவிடும், சில சமயம் இசியூவே ரீசெட் ஆகும். இது ஸ்பார்க் போடும் சத்தம், காதுக்குக் கேட்காத மின்சாரச் சத்தம். ரெசிஸ்டர் இல்லாத பிளக் போட்டிருந்தேன், 5 கிலோ ஓம் ரெசிஸ்டர் உள்ளேயே இருக்கும் பிளக்குக்கு மாறியதில் முக்கால்வாசி சரியானது. மிச்சம் எர்த். அண்ணனுக்கு எர்த் என்றால் கைக்கு எட்டும் போல்ட், எங்கே இரும்பு தெரிகிறதோ அங்கே. பைக்குக்கு அது போதும். ஆனால் காயிலின் 7 ஆம்பியர் போகும் அதே வயர் வழியாக த்ராட்டில் சென்சாரின் எர்த்தும் போனால், ஸ்பார்க் அடிக்கும்போதெல்லாம் ஆக்சிலரேட்டரை யாரோ கிள்ளுகிற மாதிரி ரீடிங் துள்ளும். சென்சார் எர்த் எல்லாவற்றையும் இசியூவுக்கே திருப்பிக் கொண்டு போய், காயில், இன்ஜெக்டர் எர்த்துகளை இன்ஜின் பாடியில் ஒரே போல்ட்டில் கட்டினோம். ரெண்டு மணி நேர வேலை, பிறகு ஒரு ரீசெட்கூட இல்லை.

மேப் சென்சாருக்கும் இதே ஒற்றை சிலிண்டர் வியாதிதான். காரில் உறிஞ்சும் குழாய் அழுத்தம் ஓரளவு நிலையாக நிற்கும். இதில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் உறிஞ்சல், அந்தக் கணம் 45 கிலோ பாஸ்கல், மற்ற நேரமெல்லாம் வெளிக்காற்று அளவுக்கு 95, 96. சராசரி எடுத்தால் அர்த்தமில்லாத ஒரு நம்பர் வரும். ஒவ்வொரு சுழற்சியிலும் குறைந்தபட்ச அழுத்தத்தை மட்டும் எடுத்துக்கொள் என்று ஒரு செட்டிங் இருக்கிறது, ஐடிலில் அது அருமை. கை திருகினால் த்ராட்டில் கோணத்தை மட்டும் வைத்துக் கணக்கிடுவதுதான் எனக்குச் சரியாக வந்தது. நிறையப் பேர் மேப் இல்லாமல் ட்யூன் பண்ணவே முடியாது என்பார்கள், ஒற்றை சிலிண்டரில் உட்கார்ந்து பார்க்காதவர்கள் சொல்வது அது.

கடைசியாக லாம்டா, அதாவது காற்றும் பெட்ரோலும் சரியான விகிதத்தில் இருக்கிறதா என்று சொல்லும் அளவு. அதை அளக்கப் புகைக்குழாயில் மாட்டும் வைட்பேண்ட் சென்சார், போஷ் எல்எஸ்யூ 4.9, மொத்தச் செலவில் பெரிய பங்கு இதற்குத்தான் போனது. சைலன்சர் இல்லாமல் அரை மீட்டர் குழாய் மட்டும் இருந்தது, அதில் வெல்டிங் செய்து மாட்டினேன். ஐடிலில் பெட்ரோல் ரொம்பக் குறைவு என்று காட்டியது. கூட்டினேன். இன்னும் குறைவு என்றது. இன்னும் கூட்டினேன். புகைக்குழாயில் கறுப்புப் புகை வருகிறது, கண் எரிகிறது, மீட்டர் மட்டும் குறைவு குறைவு என்கிறது. அண்ணன் வந்து இன்ஜினை அணைக்கச் சொல்லி, பிளக்கைக் கழற்றித் துணியில் பிடித்துக்கொண்டு வெளிச்சத்துக்குக் கொண்டு போனார். அடுப்புக்கரி மாதிரி கறுப்பு, ஈரம் வேறு. "மீட்டரு என்ன சொன்னாலுஞ் சரிங் தம்பி, பிளக்கு பொய் சொல்லாதுங்க" என்றார்.

பிளக் சரி, மீட்டரும் பொய் சொல்லவில்லை, அதற்குத் தெரிந்ததைச் சொன்னது. வைட்பேண்ட் பார்ப்பது ஆக்ஸிஜனை. ஐடிலில் ஒற்றை சிலிண்டர் ஒரு முறை ஊதிவிட்டு அடுத்த ஊதலுக்கு நேரம் எடுக்கும், அந்த இடைவெளியில் குட்டைக் குழாயின் வாய் வழியாக வெளிக்காற்று உள்ளே வந்து சென்சாரைத் தொடுகிறது. பெட்ரோல் அதிகமாகி ஸ்பார்க் பிடிக்காமல் போனால் எரியாத காற்று அப்படியே வெளியே வரும், அதையும் பெட்ரோல் குறைவு என்றே அது படிக்கும். அப்படியானால் நான் கூட்டக் கூட்ட அது குறைவு என்றுதானே சொல்லும்! குழாயை ஒரு மீட்டருக்கு மேல் நீட்டினேன், சென்சாரை இன்ஜின் பக்கமாகக் கொண்டு வந்தேன். ஐடிலில் இன்னமும் முழுசாக நம்புவதில்லை, 2500க்கு மேல் நம்புகிறேன். பிளக் இப்போது செங்கல் நிறத்துக்கு வந்திருக்கிறது.

இ20 பற்றி ஒரு குழப்பத்தையும் சொல்லிவிட வேண்டும், நானே இதில் மாட்டினேன். சுத்த பெட்ரோலுக்கு ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காற்று, இ20க்கு சுமார் 13.5. அதைப் படித்துவிட்டு மீட்டரில் 13.5 வர வேண்டும் என்று ட்யூன் பண்ணினால் பெட்ரோல் அதிகமாகிவிடும். மீட்டர் உண்மையில் அளப்பது லாம்டா, அதை 14.7ஆல் பெருக்கிக் காட்டுகிறது, டேங்க்கில் என்ன இருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும். எந்த எரிபொருள் ஊற்றினாலும் மீட்டர் 14.7 காட்டினால் லாம்டா 1 என்றுதான் பொருள். நான் டிஸ்பிளேயையே லாம்டாவுக்கு மாற்றிவிட்டேன்.

இன்றைய நிலவரம்: ஐடில் 1400ல் நிற்கிறது, ஆனால் தூக்கக் கலக்கத்தில் இருப்பவன் மாதிரி அவ்வப்போது ஒரு ஆட்டம். காரணம் தெரியும். கிராங்க் சக்கரம் மட்டும் இருப்பதால் இது கம்ப்ரெஷன் சுற்றா, புகை தள்ளும் சுற்றா என்று இசியூவுக்குத் தெரியாது. அதனால் இரண்டு சுற்றிலும் ஸ்பார்க் அடிக்கிறது, பெட்ரோலையும் பாதி பாதியாக இரண்டு முறை ஊற்றுகிறது. ஐடிலில் அந்தப் பாதி ஒன்றரை மில்லி செகண்டுக்குள் வந்துவிடுகிறது, இன்ஜெக்டர் திறக்கவே ஒரு மில்லி செகண்ட் எடுத்துக்கொள்ளும்போது அவ்வளவு சின்ன அளவை ஒரே மாதிரி ஊற்று என்று அதைக் கேட்க முடியாது. கிராங்க்கின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை சுற்றும் கேம் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு போல்ட் தலையை நீட்டி விட்டு, ஹெட் கவரில் இரண்டாவது ஹால் சென்சார் ஒன்று மாட்ட வேண்டும். ஹெட் கவரைத் துளை போட லேத்துக்குக் கொடுத்திருக்கிறேன். காலையில் குளிரில் இரண்டு செல்ஃப் கேட்கிறது, அதை அதற்குப் பிறகு பார்க்கலாம். கழற்றிய கார்ப்பரேட்டரை அண்ணன் ஆயில் தடவி, தினத்தாளில் சுற்றி, டப்பாவின் மேல் இன்ஜின் நம்பரை எழுதி அலமாரியில் வைத்திருக்கிறார்.